அழகு வேண்டிச் செய்யும் அறுவை

மனிதன் தன் உடலைப் பிறந்தவாறே ஏற்றுக்கொண்டு அமைந்துவிடுவதில்லை. காது குத்துகின்றான், பச்சை குத்துகின்றான், பல்வரிசையைக் கம்பியிட்டு ஒழுங்கு செய்கின்றான், நரைமயிருக்குச் சாயம் பூசுகின்றான். இவையெல்லாம் ஒருவரும் வியவாத வழக்கங்களாகிவிட்டன. ஆயின், நோயற்ற உடலொன்றைக் கத்திகொண்டு கீறி, எலும்பைத் தகர்த்து, தோலைக் களைந்து வடிவை மாற்றுவதென்பது அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதன்று. திருமணத்திற்கு முன் மூக்கைச் சீர்செய்துகொள்ளலாமா, நெற்றி ஏறிய இடத்தில் மயிர் நட்டுக்கொள்ளலாமா என்று வினவும் இளைஞர் இக்காலத்திற் பலர். அவர்களுக்கு விடையளிப்பன பெரும்பாலும் விளம்பரங்களே. அவை முன்னொரு படமும் பின்னொரு படமும் காட்டுகின்றன. அவ்விரண்டு படங்களுக்கும் இடைப்பட்ட நாட்களைப் பற்றி வாய்திறப்பதில்லை. அவ்விடைப்பட்ட நாட்களைப் பற்றியே யாம் ஈண்டுச் சிறிது எழுதப் புகுந்தோம்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். பிளாஸ்டிக் சர்ஜரி என்னுந் தொடரைக் கேட்பவருட் சிலர், நாம் வாளிக்கும் குடத்திற்கும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை உடலில் வைத்துத் தைப்பதாக நினைக்கின்றனர். அஃது அன்று. கிரேக்க மொழியில் மண்ணையும் மெழுகையும் பிசைந்து உருவாக்கும் தொழிலைக் குறித்த சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. எட்வர்ட் சைஸ் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1838-ஆம் ஆண்டிலேயே இப்பெயரைத் தம் நூலின் தலைப்பில் வைத்தார். நாம் அறிந்த பிளாஸ்டிக் பொருள் தோன்றியது அதற்கு நெடுங்காலம் பின்னரே. இவ்வறுவையில் இரு கிளைகள் உண்டு. தீயினால் வெந்தவர்க்கும், உதடு பிளந்து பிறந்த குழந்தைகட்கும், விபத்திற் சிதைந்தவர்க்கும் இழந்ததை மீட்டுத் தருவது ஒன்று. குறையென்று வைத்தியம் சொல்லாத உறுப்பை அவரவர் விருப்பத்திற்கேற்ப மாற்றுவது மற்றொன்று. இரண்டிற்கும் கருவியும் கைத்திறனும் ஒன்றே. எனினும் பின்னதில், அறுவை செய்யாது விட்டாலும் ஒருவர்க்கும் உயிருக்குத் தீங்கில்லை. இந்த ஒரு வேற்றுமையை மனத்திற் கொண்டே மற்றவற்றையெல்லாம் ஆராய்தல் வேண்டும்.

மூக்கிலிருந்து தொடங்குவோம்; இக்கலை தொடங்கியதும் அங்கேயே. மூக்கறுத்தல் பண்டை நாளில் ஒரு தண்டனை. ஆதலின் அறுபட்ட மூக்கை ஆக்கித்தரும் வைத்தியமும் இந்நாட்டில் வளர்ந்தது. சுசுருத சங்கிதை, இலையொன்றை மூக்கின் அளவாகக் கத்தரித்து, அவ்வளவிற்குக் கன்னத்துத் தோலை ஒருபுறம் ஒட்டியிருக்கும்படி அறுத்தெடுத்து, மூக்கிருந்த இடத்திற் பொருத்தித் தைத்து, மூச்சு விடுவதற்கு இரு குழல்களைச் செருகி வைக்கும் முறையை விரித்துரைக்கின்றது. மூக்கு ஆறிய பின்னர்ச் சதை குறைந்திருப்பின் வளர்க்கவும், மிகுந்திருப்பின் சமன்செய்யவும் வேண்டுமென்று அந்நூல் சொல்வது யாம் பெரிதும் மதிக்கும் பகுதி. முதல் அறுவையிலேயே எல்லாம் செவ்வனே அமைந்துவிடுமென்று அந்நூலாசிரியர் ஒருவர்க்கும் வாக்களிக்கவில்லை.

இக்கைத்தொழில் நூலில் மட்டும் நின்றுவிடவில்லை. மைசூர்ப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்பு சுல்தானின் வீரரிடம் அகப்பட்டு மூக்கும் ஒரு கையும் இழந்தார். பின்னர்ப் புனாவிற்கு அருகே, செங்கல் அறுக்கும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர், மெழுகால் மூக்கின் அளவெடுத்து, நெற்றித் தோலை அவ்வளவாக அறுத்துத் திருப்பி அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தார். இச்செய்தி 1794-ஆம் ஆண்டு லண்டனில் வெளியான ஜென்டில்மன்ஸ் மேகஸின் என்னும் பத்திரிகையிற் படத்துடன் வந்தது. அதனால் தூண்டப்பெற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில வைத்தியர் 1814-ஆம் ஆண்டில் அம்முறையைத் தாமும் செய்து பார்த்து, 1816-இல் நூலாக வெளியிட்டார். நெற்றித் தோலால் மூக்கு அமைக்கும் முறையை மேனாட்டார் இன்றும் இந்திய முறையென்றே வழங்குகின்றனர்.

இவையெல்லாம் இழந்த மூக்கை மீட்டவை. இருக்கும் மூக்கை அழகிற்காக மாற்றியவருள் பெயர்பெற்றவர் பெர்லின் நகரத்து ஜாக் ஜோசப். பள்ளியில் ஏளனத்திற்கு ஆளான ஒரு சிறுவனின் துருத்திய காதுகளை அவர் 1896-இல் அறுத்துச் சீர்செய்தார். நோயில்லாத உறுப்பிற் கத்தி வைத்தாரென்று அதுகாறும் ஊழியம் செய்த மருத்துவமனையினின்று விலக்கப்பட்டார். இரண்டாண்டு கழித்து, தம் பெரிய மூக்கினால் வெளியே நடமாடவே கூசிய ஒருவர் அவரை நாடிவந்தார். அம்மூக்கைச் சிறிதாக்கிய பின்னர் அம்மனிதர் மனந்தேறி நடமாடினார் என்று ஜோசப் எழுதினார். மனத்தின் நோவிற்கு உடலில் மருந்திடலாமா என்னும் வினா அன்று எழுந்தது, இன்றும் தீர்ந்தபாடில்லை. முதல் உலகப்போரில் முகஞ்சிதைந்த ஆயிரக்கணக்கான வீரர்க்கு இங்கிலாந்தில் ஹாரல்ட் கில்லீஸ் செய்த அறுவைகளுக்குப் பிறகு இக்கலையை இழித்துரைப்பார் குறைந்தனர். நம் நாட்டிலோ, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், 1940-களின் இறுதி முதற்கொண்டு தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பின்னர் அந்நோயாளர்க்கு உதிர்ந்த புருவத்தையும் அமுங்கிய மூக்கையும் மீட்கும் வேலையும் அங்கு நடந்தது. கை வேலைசெய்யத் தொடங்கியும், முகத்தைக் கண்டு ஊரார் விலக்கிய காரணத்தால் அவர்கட்குப் பிழைப்புக் கிடைக்கவில்லை. புருவம் அவர்க்கு அணிகலன் அன்று. பிழைப்புக்குரிய வழியே ஆயிற்று. அழகறுவை அனைத்தும் வீண் ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் தள்ளுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நிற்க. இன்று ஒருவர் மூக்கைத் திருத்தச் சென்றால் நிகழ்வது யாது? பெண்கட்கு ஏறக்குறைய 15, 16 வயதும் ஆண்கட்கு 17 வயதும் ஆகி, முகத்து எலும்பு வளர்ந்து முடிந்த பின்னரே நல்ல வைத்தியர் கத்தி எடுப்பர். முன்னதாக நான்கு புறமும் படம் பிடித்து, நாசியின் நடுச்சுவர் வளைந்துளதா, மூச்சு தடையின்றி ஓடுகின்றதா என்று நோக்குவர். அறுவை பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடைபெறும். ஒன்றரை மணி முதல் மூன்று மணி நேரம் வரை ஆகும். மூக்கின் உட்புறத்திலோ, இரு துளைகட்கும் இடைப்பட்ட சிறு தூணிலோ கீறி, தோலை உயர்த்தி, குருத்தெலும்பைச் செதுக்குவர். மேட்டைத் தணிக்க வேண்டின் எலும்பை உளிகொண்டு அளவாகப் பிளந்து உள்ளே ஒதுக்குவர். மூக்குத் தாழ்ந்திருப்பவர்க்கு நடுச்சுவரிலிருந்தோ, காதிலிருந்தோ, விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைப்பதுண்டு. அப்போது அவ்விடத்திலும் ஒரு புண் ஆறவேண்டியிருக்கும்.

விழித்தெழும்போது மூக்கின்மேல் ஒரு கட்டு இருக்கும். சில வேளை உள்ளே பஞ்சுத்திரியோ தகடோ இருக்கும். வாயாலேயே மூச்சு விடல் வேண்டும். வலியைக் காட்டிலும் இம்மூச்சடைப்பே பலர்க்குத் துன்பந் தருவது. இரண்டாம் நாள், மூன்றாம் நாளிற் கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கும். முகத்தைக் கண்ணாடியிற் பார்த்து அழாதவர் சிலரே. மேற்கட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் எடுப்பர். கருமை இரண்டு வாரத்தில் மங்கும். பல வாரங்கள் மூக்குக்கண்ணாடியை மூக்கின்மேல் தாங்கலாகாது, சில வாரம் வரை மூக்கைச் சிந்தலாகாது, பந்தாட்டமும் ஆகாது. நுனி மரத்திருக்கும். வீக்கத்தின் பெரும்பகுதி சில மாதங்களில் வடிந்தாலும், நுனியிலுள்ள வீக்கம் முற்றும் அடங்க ஓராண்டு செல்லும். நம்மவரிற் பலர்க்கு இருப்பதுபோல் தோல் தடித்திருந்தால் அதனினும் சற்று மிகும். ஆதலின் தையில் திருமணம் வைத்துக்கொண்டு மார்கழியில் மூக்கறுவைக்குப் போவது அறிவுடைமையன்று. நூற்றுக்கு 5 முதல் 15 பேர் வரை மறுமுறையும் அறுவைக்கு வரநேர்வதாகக் கூறுவர். மறுமுறை, வடுவேறிய தசையிற் செய்வதாதலின் முதன்முறையினுங் கடிது. அழகிய மூக்கு அமைந்தும் மூச்சுத்தடை உண்டானவரும் உளர். மூக்கின் முதற்கடமை மூச்சு என்பதை அவர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை.

வடுவைப் பற்றியும் சொல்லவேண்டும். கருநிறத்தோலில் சிலர்க்குப் புண் ஆறிய இடம் அவ்வளவில் நில்லாது, தடித்து, புண்ணின் எல்லையைக் கடந்து வளர்வதுண்டு. இதனைக் கீலாய்டு என்பர். காதுமடலும் மார்பும் தோளும் இதற்குப் பெயர்போன இடங்கள். காது குத்திய இடத்தில் உருண்டை கட்டியவர், அம்மை ஊசி போட்ட தழும்பு தடித்தவர், தம் குடும்பத்தில் அவ்வாறு உடையவர் அதனை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுதல் கடன். காதென்றதும் நினைவுக்கு வருவது நம் தென்மாவட்டத்துப் பாட்டிமாரின் பாம்படக் காதுகள். தோள்வரை தொங்கும்படி பேரன்போடு வளர்த்த அக்காதுகளைக் காலம் மாறியதும் பலர் அறுத்துத் தைத்துக்கொண்டனர். ஒரு தலைமுறை அழகென்று வளர்த்ததை அடுத்த தலைமுறை அழகென்று தைத்தது! கிழிந்த காதைத் தைப்பது இன்றும் இடமரப்பு ஊசியுடன் சிறிது நேரத்தில் முடியும் எளிய வேலையே. சில மாதங் கழித்துப் பழைய தழும்பினின்று விலகி மீண்டும் துளையிடலாம்.

கண்ணிமை அறுவை பெரும்பாலும் வயது முதிர்ந்தோர்க்கு உரியது. தொங்கும் மேலிமைத் தோலை ஒரு பிறைவடிவாக அறுத்து நீக்குவர். கீழிமையில் பை போன்று பிதுங்கும் கொழுப்பைக் குறைப்பர். தையல் ஒரு வாரத்திற்குள் எடுக்கப்படும். கண் உலர்ந்து உறுத்துதல் சிலநாள் இருக்கும். மிக அரிதாக விழிக்குப் பின்னே இரத்தம் கட்டிப் பார்வையைக் கெடுக்கும். ஆதலின் அறுவைக்குப் பின் கண்ணில் கடும்வலியோ பார்வை மங்கலோ தோன்றின் ஒரு மணியும் தாழ்க்கலாகாது. கண்ணின் கீழ்க் கருவளையம் இவ்வறுவையால் வெளுக்கும் என்று எண்ணி ஏமாறுவோர் பலர். தோலின் நிறத்தைக் கத்தி மாற்றாது.

இனி, கொழுப்பு உறிஞ்சல். லைப்போசக்ஷன் எனப்படும் இதனைப் பற்றிய மயக்கம் மற்றெல்லாவற்றினும் பெரிது. உணவுக் கட்டுப்பாடும் உழைப்புமின்றி உடல் மெலிவிக்கும் வழியென்று இதனைக் கருதுகின்றனர். உண்மை வேறு. எடை ஏறக்குறைய நிலைத்து நின்றும், இடுப்பிலோ தொடையிலோ தாடையிலோ மட்டும் பிடிவாதமாகத் தங்கும் கொழுப்பை ஒழுங்கு செய்வதற்கே இஃது ஏற்றது. தோலுக்கும் தசைக்கும் இடைப்பட்ட கொழுப்பையே குழல் உறிஞ்சும். நம் நாட்டாரின் பெருவயிற்றிற்குப் பெரிதும் காரணமாய், நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் துணைபோகும் கொழுப்போ, குடலைச் சூழ்ந்து வயிற்றறைக்குள் இருப்பது. அதனை இக்குழல் தீண்டுவதே இல்லை. பிரசவத்தால் தளர்ந்து தொங்கும் தோலையும் இது சுருக்காது. அதற்கு வயிற்றின் அடியில் நீளக் கீறித் தோலை நீக்கும் வேறொரு பெரிய அறுவை உண்டு. மகப்பேறு முற்றும் முடிந்தபின் அதனைச் செய்துகொள்வதே முறை.

1920-களில் பிரான்சில் நடனமாது ஒருத்தியின் காலைக் கருவிகொண்டு சுரண்டி மெலிவிக்க முயன்று, இரத்தக்குழாய் கெட்டு, அக்காலையே வெட்ட நேர்ந்தது. அதன்பின் இம்முயற்சி நெடுநாள் கைவிடப்பட்டது. 1970-களில் இத்தாலியிலும் பிரான்சிலும் மழுங்கிய நுனியுள்ள குழலால் உறிஞ்சும் முறை தோன்றியது. அமெரிக்காவில் ஜெப்ரி கிளைன் என்பவர், உப்புநீரில் மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் மிகுதியான நீருடன் கலந்து கொழுப்பினுட் செலுத்தி, இரத்தம் அதிகம் போகாதபடி உறிஞ்சும் முறையை 1987-ஆம் ஆண்டில் விவரித்தார். அன்றுமுதல் அபாயம் பெரிதும் தணிந்தது, அற்றுவிடவில்லை. ஒரே வேளையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பது பேரளவென்று கருதப்பட்டு, மருத்துவமனையில் இரவு தங்கவைத்துக் கவனிக்கத்தக்கதாகும். அறுவைக்குப் பின் இறுக்கமான உடையைச் சில வாரம் இரவும் பகலும் அணிதல் வேண்டும். நமது கோடையில் அஃது எத்தகைய தண்டனை என்பதை அணிந்தவரே அறிவர். முதல் வாரத்தில் வீக்கத்தால் எடை குறைவதற்கு மாறாகச் சிறிது கூடியும் நிற்கும். உண்மை உருவம் வெளிப்பட மூன்று முதல் ஆறு மாதமாகும். கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தாலும், திடீரென்று மூச்சுத் திணறினாலும், காலில் உறைந்த இரத்தமோ சிதறிய கொழுப்போ நுரையீரலை அடைத்ததாக ஐயுற்று உடனே பெரிய மருத்துவமனையை நாடல் வேண்டும். மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வது இதனைத் தடுக்கவே. வைத்தியர் இரக்கமற்றவர் என்று வருந்தற்க.

மகளிர் மார்பறுவை, தனியே எழுதத்தக்க விரிந்த பொருள். உள்ளே வைக்கும் சிலிக்கோன் பைகள் ஆயுள் முழுதும் நிலைப்பன அல்ல என்ற அளவோடு நிறுத்துகின்றோம். ஆண் மாணவர்க்கு ஒன்று கூறவேண்டும். பருவமடையும் வயதிற் சில சிறுவர்க்கு மார்பு சற்றுப் பெருப்பது இயல்பே. பெரும்பாலும் இரண்டாண்டிற்குள் தானே தணியும். தோழரின் கேலிக்கு அஞ்சி அதற்குள் அறுவைக்கு விரைதல் தகாது.

மயிர் நடுதலே இன்று நம் இளைஞரைப் பெரிதும் ஈர்ப்பது. ஜப்பானிய வைத்தியர் ஒக்குடா 1939-ஆம் ஆண்டிலேயே இம்முறையை எழுதினார். போர்க்காலமாதலின் மேனாட்டார் அறிந்திலர். 1959-இல் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக், பின்தலையினின்று எடுத்து நட்ட மயிர், நட்ட இடத்தின் இயல்பை ஏலாது, பிறந்த இடத்தின் இயல்பையே காக்கும் என்று காட்டினார். முன்தலை வழுக்கையாயினும் பின்தலை மயிர் உதிராது நிற்பவர்க்கு இதனாலேயே இவ்வைத்தியம் பயன்படுகின்றது. பல மணி நேரம் அமர்ந்தும் படுத்தும், ஆயிரம் இரண்டாயிரம் வேர்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து நாற்று நடுவதுபோல் நடுவர். நாற்றைப்போலவே முதலிற் பொலிவிழக்கும்: இரண்டு முதல் ஆறு வாரத்திற்குள் நட்ட மயிரெல்லாம் உதிர்ந்துவிடும். இதனை முன்னறியாதோர் பணம் போயிற்றென்று அலறுவர். வேர் உள்ளே உறங்கிக் கிடந்து, மூன்று நான்கு மாதத்திற்குப் பின்னரே முளைவிடும். முழுப்பயன் காண ஓராண்டு வேண்டும். பின்தலையின் இருப்பு அளவுபட்டது. இருபது வயதில் அதனைச் செலவிட்டு நெற்றியோரம் நிரப்பியவர்க்கு, நாற்பது வயதில் நடுத்தலை வெறிச்சோடும்போது எடுக்க இடமிராது.

இஃது அறுவையே அன்று, முடிதிருத்தகத்து வேலைபோன்றது என்னும் எண்ணம் பரவியிருப்பது கொடிது. 2016-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில் இருந்த இளைஞர் ஒருவர் மயிர் நட்டுக்கொள்ளச் சென்று, உடல்நிலை கெட்டு, சில நாட்களுக்குள் உயிர்நீத்தார். வைத்தியம் பயின்றவர் வீட்டிலேயே இத்துயர் நேர்ந்ததெனின் மற்றையோரைப் பற்றிச் சொல்லவேண்டுமோ? மரப்பு மருந்து, அளவு மிகின் நரம்பையும் இதயத்தையும் தாக்கும் நஞ்சே. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டில், மயிர் நடுதலை உரிய பயிற்சி பெற்ற மருத்துவரே செய்யவேண்டுமென்றும், பயிலரங்கிற் பார்த்ததோ இணையத்தில் நிகழ்படம் கண்டதோ பயிற்சியாகாதென்றும் நெறிமுறை வெளியிட்டது. அவ்வாறு எழுதவேண்டிய நிலை வந்ததே ஒரு செய்தி.

ஆகவே பணம் கட்டுமுன் வினவவேண்டியன சில உள. கத்தி எடுப்பவர் யார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மேல் அறுவையிற் பட்டம்பெற்று, அதன்மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். போன்ற உயர்பயிற்சி பெற்றவரா. மயக்கம் தருபவர் அதற்கெனப் படித்த வேறொரு வைத்தியரா. மூச்சு நின்றால் மீட்கும் கருவிகள் அறையிலேயே உளவா. இரவில் இரத்தம் கசிந்தால் யாரை அழைப்பது. மறு அறுவை வேண்டின் செலவு யாருடையது? இவற்றைக் கேட்குங்கால் முகஞ்சுளிக்கும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடுக. நோயாளரும் ஒளிக்கலாகாது. புகைப்பழக்கம் உடையவர் முன்னும் பின்னும் நான்கு வாரமேனும் அதனை விடல் வேண்டும். நிக்கோட்டின் தோலின் நுண்குழாய்களைச் சுருக்கி, தைத்த தோலைக் கருகச் செய்யும். ஆஸ்பிரின் முதலியவற்றோடு தாம் உண்ணும் நாட்டு மருந்துகளையும் கூறல் வேண்டும். இரத்தத்தை உறையவிடாத பொருள் அவற்றிலும் இருக்கும். இதயநோய்க்காக உண்பதைத் தாமாக நிறுத்துதலும் கூடாது. மயக்கத்திற்கு 6 மணி நேரத்திற்கு முன் உணவும், 2 மணி நேரத்திற்கு முன் தண்ணீரும் நிறுத்தச் சொல்வர். ஒரு வாய்க் காப்பிதானே என்று ஒளித்துக் குடித்தவர்க்கு, வயிற்றிலிருப்பது மயக்கத்தில் மேலெழுந்து நுரையீரலில் இறங்கும்.

கத்தியால் தீராத ஒரு வகை நோயும் உண்டு. பிறர் கண்ணுக்குத் தோன்றாத அல்லது மிகச் சிறியதான குறையொன்றைத் தம் முகத்திற் கண்டு, நாளில் மணிக்கணக்காகக் கண்ணாடி முன் நின்றும், அன்றிக் கண்ணாடியையே அஞ்சி ஒதுக்கியும், வகுப்பிற்கும் விருந்திற்கும் செல்லாது ஒடுங்குவோர் சிலர். இது மனத்தைப் பற்றிய நோய். இதற்குப் பெயரும் மருந்தும் உண்டு. இவர்க்கு மூக்கை அறுத்தால் குறை காதிற்குப் பெயரும். காதை அறுத்தால் தாடைக்குப் பெயரும். பொறுப்புள்ள வைத்தியர் இத்தகையோரை அறுவைக்கு ஏற்காது மனநல வைத்தியரிடம் அனுப்புவர். அவ்வாறு மறுக்கப்பட்டோர் அடுத்த தெருவிலுள்ள மற்றொருவரை நாடிச் செல்வதே பெருங்கேடு; உடன்பிறந்தாரும் விடுதித் தோழரும் முந்தி அறியக்கூடியது இதுவே.

அத்தகைய நோயில்லாதவர்க்கும், அறுவை முடிந்த முதற் சில வாரங்களில் மனம் சோர்வது பெருவழக்கு. வலி, உறக்கமின்மை, வீங்கிய முகம், என் செய்துவிட்டோம் என்னும் அச்சம் ஆகியவை ஒன்றுசேரும். இந்நாட்களில் முடிவொன்றும் செய்யாது, குறித்த நாளில் தவறாது வைத்தியரிடம் காட்டிவருதல் வேண்டும். காய்ச்சல், சீழ், ஒருபுறம் மட்டும் விரைந்து வீங்குதல் ஆகியவற்றிற்குக் குறித்த நாள்வரை காத்திராது உடனே செல்லவேண்டும். முன்னெடுத்த படங்களின் பிரதியொன்றைத் தம்மிடமே வைத்துக்கொள்வது நன்று. ஓராண்டு கழித்து வைத்தியரோடு அமர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும், மறு அறுவை வேண்டுமா வேண்டாவா என்று பேசுவதற்கும் அதுவே உதவும்.